அலாஸ்கா கப்பலின் கடைசி இரண்டு நாளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்

மே பிறந்தால் சியாட்டில் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு விருந்தினர் காலம். ஊரிலிருந்து பெற்றோர், டாலஸிலிருந்து அண்ணன் அண்ணி, சிகாகோவிலிருந்து கல்லூரித் தோழி என்று யாராவது அலாஸ்கா கப்பலுக்காக வந்து இறங்குவார்கள். கொண்டுபோய் ஏற்றிவிடுவதும் நாங்கள்தான், ஏழு இரவு கழித்துப் போய் அழைத்து வருவதும் நாங்கள்தான். சில சமயம் நானும் என் கணவரும் அவர்களோடு ஏறிவிடுவதும் உண்டு.

திரும்பி வரும் தம்பதிகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். சிலர் காரில் ஏறியது முதல் ஒருவர் பேச்சை ஒருவர் வாங்கிப் பேசிக்கொண்டே வருவார்கள். சிலர் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். ஜூனோவில் திமிங்கிலம் பார்த்ததும், பனியாற்றின் சுவர் உடைந்து கடலில் விழுந்ததைப் பார்த்ததும் இரண்டு கூட்டமும்தான். வித்தியாசம் கடைசி இரண்டு நாளில் வருகிறது. கப்பல் தெற்கே திரும்பியதும் மனசு வீட்டுக்குப் போய்விடும். பாயசம் வரும் முன்பே இலையை மூடுவது மாதிரி. நாங்களும் ஆரம்பத்தில் அப்படி இருந்தவர்கள்தான் என்பதால், புதிதாகப் போகிறவர்கள் அதையே செய்வதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை.

பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வையுங்கள், கடைசி இரவு பெட்டியை வெளியே வைக்கும் முன் மறுநாளுக்கு ஒரு செட் துணி எடுத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் கப்பலிலேயே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். செய்யக் கூடாதவை என்று நான் சொல்வது கீழே இருப்பவற்றைத்தான்.

கெட்சிகனில் கடை கடையாக ஏறி இறங்குவது

சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பலவற்றுக்கு அலாஸ்காவில் கடைசி ஊர் கெட்சிகன். அநேகமாக அரை நாள்தான் நிற்கும். இறங்கியதும் கண்ணில் படுவது நகைக்கடைகளும் தள்ளுபடிப் பலகைகளும். அவற்றில் பல, கப்பல் சீசனுக்குத் திறந்து சீசன் முடிந்ததும் மூடிவிடும் கடைகள். மனைவி உள்ளே, கணவர் வாசலில் போனோடு என்று அலாஸ்காவின் கடைசி மூன்று மணி நேரத்தை அங்கே தொலைக்கிறவர்கள் ஏராளம். மழைக்கு ஒதுங்கினோம் என்பார்கள். ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர் அது. நிற்கட்டும் என்று காத்திருந்தால் கப்பல் கிளம்பிவிடும். ஆளுக்கொரு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு க்ரீக் ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடுங்கள்.

ஓடைக்கு மேலே மரக்கால்கள் நட்டுக் கட்டிய வீடுகள், அவற்றை ஒட்டிப் பலகை போட்ட நடைபாதை. ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ போனால் கைப்பிடியில் சாய்ந்து கீழே குனிந்து பாருங்கள். முதலில் கறுத்த தண்ணீர் மட்டும்தான் தெரியும். கொஞ்சம் கண் பழகட்டும். அடியில் சால்மன் மீன்கள், எல்லாம் ஒரே திசையில் தலை வைத்து, நின்ற இடத்திலேயே வாலை அசைத்துக்கொண்டு, ஓடும் தண்ணீரை எதிர்த்து நின்றுகொண்டிருக்கும். திடீரென்று ஒன்று மட்டும் முன்னால் பாயும். அடுத்தது எது பாயும் என்று பார்த்தபடி நானும் அவரும் நின்றால் நேரம் போவதே தெரியாது. முட்டையிட்டதும் அவை இறந்துவிடும் என்று தெரிந்து பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்.

கடிகாரத்தை மாற்றாமல் விடுவது

தெற்கே வரும்போது ஒரு மணி நேரம் முன்னே போகும். நடுக்கடலில் போனை நம்பாதீர்கள், கையால் மாற்றுங்கள்.

மாத்திரை தீர்ந்தால் பரவாயில்லை என்று இருப்பது

வாரம் முழுக்கத் தீவுகளுக்கு இடையில் குளம் போலக் கிடந்த தண்ணீரில் வந்திருப்பீர்கள். கெட்சிகனுக்குப் பிறகு பல கப்பல்கள் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக்கில் இறங்கும். ஆட்டம் அங்கேதான். வாந்தி மாத்திரையைக் கடைசி வரை கைவசம் வையுங்கள், ஆட ஆரம்பிக்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தனிக் காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகத்தை இந்த இரவுக்குப் பதிவு செய்யாதீர்கள். அதை வாரத்தின் நடுவிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

கடல் நாளில் ஆபீஸ் மெயிலைத் திறப்பது

எந்த ஊரிலும் நிற்காத அந்தக் கடைசிப் பகலில்தான் "திங்கட்கிழமை பாரம் குறையுமே" என்று லேப்டாப் வெளியே வரும். இப்போது கப்பலில் வைஃபையும் நன்றாக வேலை செய்கிறது. ஒரு மெயில் பார்த்தால் அது பத்தாகும், பத்தாவதில் யாரோ ஒருவர் மேல் கோபம் வரும், அந்தக் கோபம் மத்தியானச் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்காரும். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்? அவரும் போனை எடுப்பார்.

நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. அவர் தூங்கட்டும், நீங்கள் ஆட்டம் பாட்டம் பார்க்கப் போங்கள். மத்தியானத்துக்கு மேல் மட்டும் ஒரு வேளையைச் சேர்ந்து பிடித்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் கப்பல் கிழக்கே திரும்பி ஹுவான் டி ஃபூகா நீரிணைக்குள் நுழையும். ஆட்டம் அடங்கும். இடப்பக்கம் வான்கூவர் தீவு, வலப்பக்கம் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் மலைகள், கோடையிலும் உச்சியில் பனி. நுழையும் இடத்தில் வலப்பக்கம் டட்டூஷ் என்று ஒரு குட்டித் தீவும் அதன் மேல் ஒரு கலங்கரை விளக்கமும் தெரியும். திமிங்கிலங்கள் நடமாடும் தண்ணீர் அது. அந்த நேரத்தில் மேல்தளம் காலியாகக் கிடக்கும். ஏனென்றால் எல்லோரும் கீழே பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் கட்டுகிறார்கள்? அதைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டும்.

இறங்கும் நாள் காலையிலேயே விமானம் போடுவது

இவ்வளவு வருடமாகச் சொல்லியும் இது ஒன்று நிற்கவில்லை. "கப்பல் ஏழு மணிக்கு சியாட்டில் வந்துடுதே, பத்து மணி ஃபிளைட் பிடிக்க மாட்டோமா?" என்று கேட்கிறார்கள். மாதக்கணக்கில் முன்பே, டிக்கெட் விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் போட்டுவிட்டு, ஏறுவதற்கு முதல் நாள்தான் எங்களிடம் சொல்வார்கள்.

ஏழு மணி என்பது கப்பல் கரையைத் தொடும் நேரம், நீங்கள் வெளியே வரும் நேரம் அல்ல. முந்தின இரவு விக்டோரியாவில், அதாவது கனடாவில் நின்றிருப்பதால் கப்பல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. குடியேற்றம், சுங்க அதிகாரிகள் கப்பலை விடுவித்த பிறகுதான் முதல் ஆள் இறங்க முடியும். பெட்டியை நீங்களே இழுத்துக்கொண்டு போவதானால் முதல் கூட்டத்தில் போகலாம். இரவு வாசலில் வைத்து அனுப்பியிருந்தால் உங்கள் டேக் எண்ணைக் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு கூடத்தில் பெட்டியைத் தேட வேண்டும். பிறகு குடியேற்ற வரிசை. சியாட்டிலில் கப்பல் வந்து நிற்கும் பியர் 91 துறையில் ஒரே காலையில் இரண்டு கப்பல்கள் நிற்கும் நாள் உண்டு, ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான பேர். அத்தனை பேரும் ஒரே சாலையில் டாக்சிக்கு நிற்பார்கள். விமான நிலையம் அங்கிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். கோடைகால வார இறுதியில் சீ-டாக் விமான நிலையத்தின் பாதுகாப்பு வரிசை எப்படி இருக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். இதில் ஏதாவது ஒன்று அரை மணி இழுத்தால் போதும், விமானத்துக்குப் பெட்டி வாங்கும் நேரம் முடிந்துவிடும்.

டாலஸ் அண்ணனுக்கு இதுதான் நடந்தது. நாங்களும் அந்தப் பயணத்தில் இருந்தோம். கடைசி இரவு விக்டோரியாவில் நின்றதும் அண்ணி ஷால் எல்லாம் எடுத்துப் போர்த்திக்கொண்டு தயாராகிவிட்டார். "ஏங்க, ஒரு மணி நேரம் போயிட்டு வந்துடலாமே" என்றார். "காலைல நாலரைக்கு எழுந்திருக்கணும். பெட்டியே இன்னும் மூடலை. நீ வேற" என்றார் அண்ணன். அண்ணி எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஷாலை மடித்துவிட்டார். மறுநாள் நாலரைக்கே எழுந்தார்கள், காலை உணவு சாப்பிடவில்லை, பெட்டியோடு மாடிப்படி அருகே நின்றார்கள். அன்றைக்குப் பார்த்துக் கப்பலை விடுவிக்கத் தாமதமானது. விமானம் போய்விட்டது. ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை, அடுத்த விமானங்களில் இடமில்லை. எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று கெஞ்சியும் கேட்காமல், ஏதாவது இடம் காலியாகுமா என்று இரவு வரை விமான நிலையத்திலேயே இருந்தார்கள். காலை விமானத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து மிச்சம் பிடித்தது ஏறக்குறைய 150 டாலர். புது டிக்கெட்டுக்குப் போனது அதைப் போல நாலு மடங்கு.

விமானம் கிடைத்திருந்தாலும் நான் இதையே எழுதியிருப்பேன். நஷ்டம் முந்தின இரவே ஆகிவிட்டது. காலை விமானம் ஒரு காலையை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. கடல் நாளின் பிற்பகலை எடுத்துக்கொள்ளும், கடைசி இரவுச் சாப்பாட்டை அவசரப்படுத்தும், விக்டோரியாவை மொத்தமாக விழுங்கும், நடுவில் "சார்ஜரை எங்கே வெச்சே" என்று ஒரு சண்டையும் மூட்டிவிடும். அண்ணி இன்றைக்கும் அந்த டிக்கெட் காசைப் பற்றிப் பேசுவதில்லை. "அந்த ஊர்ல இறங்கவே இல்லையே" என்பதைத்தான் சொல்கிறார்.

நான் சொல்வது இது. மதியம் ஒரு மணிக்கு முன்னால் எந்த விமானமும் வேண்டாம். மாலை விமானம் இன்னும் நல்லது, இந்தியா போகிறவர்கள் மறுநாள் போடுவது எல்லாவற்றையும்விட நல்லது. பெட்டிதான் கவலை என்றால், கப்பலிலிருந்தே பெட்டியை நேராக உங்கள் விமானத்துக்கு அனுப்பும் 'போர்ட் வேலே' சேவை சியாட்டில் துறைமுகத்தில் இருக்கிறது. உங்கள் கப்பலுக்கும் விமானத்துக்கும் அது உண்டா என்று ஏறியதுமே கேட்டுப் பதிந்துவிடுங்கள். கையை வீசிக்கொண்டு பைக் பிளேஸ் மார்க்கெட்டுக்குப் போய், 1907-லிருந்து நடக்கும் அந்தச் சந்தையில் இருவரும் ஒரு காபி குடித்துவிட்டு விமான நிலையம் போகலாம்.

விக்டோரியாவை ஒரு பெயருக்கு என்று நினைப்பது

கப்பல் அங்கே நிற்பதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. வெளிநாட்டில் பதிவான கப்பல், அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே ஆட்களை ஏற்றிச் சுற்றிவரக் கூடாது என்கிறது 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். அதனால்தான் பல கப்பல்கள் கடைசி இரவு எட்டு மணி வாக்கில் வந்து நள்ளிரவில் கிளம்பிவிடுகின்றன. இதைக் கேட்டதும் "சட்டத்துக்காக நிக்கிறாங்க, பார்க்க ஒண்ணும் இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஜூனில் அங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். கப்பல் நிற்கும் ஆக்டன் பாயிண்ட்டிலேயே கடலுக்குள் நீளும் கல் அலைதடுப்புச் சுவர் இருக்கிறது. அதன் மேல் நடந்து முனையில் இருக்கும் சின்ன விளக்கு வரை போகலாம். காற்று பலமாக இருக்கும், ஸ்வெட்டர் தேவை. இன்னும் தெம்பு இருந்தால் உள்துறைமுகம் வரை அரை மணி நடை. இருட்டியதும் மாகாணச் சட்டமன்றக் கட்டடத்தின் விளிம்பு முழுக்க ஆயிரக்கணக்கான சின்ன பல்புகள் எரியும். எதிரே 1908-இல் திறந்த எம்ப்ரஸ் ஹோட்டல். புச்சர்ட் தோட்டம் அழகுதான், ஆனால் ஊருக்கு வெளியே 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இரவில் நாலு மணி நேரம் மட்டும் நிற்கும் கப்பலில் வந்தவர்களுக்குப் பாதி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும்.

இன்னொன்று, காகிதங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்த நாலு மணி நேரத்துக்கும் கனடா விசா வேண்டும். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு விசா வேண்டாம், கார்டும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் போதும். அமெரிக்க விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றாலோ, எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தாலோ கப்பலைப் பதிவு செய்யும் முன்பே வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

டிப்ஸை எடுத்துவிடச் சொல்வது

நாள் கணக்கில் கப்பல் தானாகப் போடும் டிப்ஸ் தொகையைக் கடைசி நாள் கவுண்டரில் போய் நீக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. செய்யாதீர்கள். மாதக்கணக்கில் பிள்ளைகளைப் பார்க்காமல் வேலை செய்கிறவர்களின் வருமானம் அது. உங்கள் அறையைத் துடைத்தவரும் சாப்பாடு பரிமாறியவரும் உங்களோடு பேசிச் சிரித்தவர்கள். தனியாக ஏதாவது கொடுக்க நினைத்தால் கடைசி நாள் மாலையிலேயே இருவரும் போய்க் கையில் கொடுங்கள். மறுநாள் காலையில் அவரைக் கண்ணில் பார்க்க முடியாது.

பில்லைக் கடைசிக் காலையில் பார்ப்பது

கடல் நாளிலேயே ஆப்பில் பாருங்கள். கடைசிக் காலையில் அந்த வரிசை நகராது.

பையில் பழம்

வாழைப்பழம், ஆப்பிள் எதையும் வழிக்கு என்று எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள், சுங்கத்தில் பிடிப்பார்கள், அபராதமும் உண்டு. மதிய விமானம் போட்டிருப்பவர்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். மேசையில் உட்கார்ந்து, தோலை உரித்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வரலாம்.