மாதரியின் ஒரு பகல்: சிலப்பதிகாரத்திலிருந்து புதுக்கதை எழுதி அச்சேற்ற

முதலில் எந்தக் கண்ணகி என்று முடிவெடுங்கள். இலங்கையின் வன்னியில் எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். இளங்கோவின் கண்ணகி புகார் வணிகன் மாநாய்கனின் மகள். எங்கள் ஊர்களில் வழங்கும் கோவலனார் கதையில் அவள் மாங்கனியில் பிறந்தவள். நந்திக்கடலோரம் மாட்டுக்காரப் பிள்ளைகளைக்கொண்டு கடல்நீரில் விளக்கேற்றுவித்தவள் வற்றாப்பளை அம்மன். மூன்றையும் குழைத்தால் நாற்பதாம் பக்கத்தில் அவளுடைய தகப்பன் யாரென்று உங்களுக்கே தெரியாது. ஒன்றை எடுங்கள். மற்றவை ஊர்ப்பேச்சாக யார் வாயிலாவது வந்து போகட்டும்.

அடுத்தது, மூலம் தாண்டிப்போன இடம். கண்ணகி அரசவையில் நீதி கேட்கும் வழக்குரை காதையைத் திருப்பி எழுதுகிறவர் இளங்கோவிடம் தோற்பது நிச்சயம். மாதரியைப் பாருங்கள். சமணத் துறவி கவுந்தியடிகள் அடைக்கலமாகத் தந்த கண்ணகியை வீட்டில் வைத்திருந்த இடைச்சி. குடப்பால் உறையவில்லை, ஏற்றின் கண்ணில் நீர் வழிகிறது, வெண்ணெய் உருகவில்லை. உற்பாதம், கேடு வரும் குறி என்று ஆயர்பெண்கள் குரவைக் கூத்து ஆடுகிறார்கள். பிறகு அவள் வையையில் நீராடப் போகிறாள். அதோடு சரி. வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையில்தான் மறையோன் மாடலன் அவள் நடுச்சாமத்தில் தீயில் புகுந்ததைச் சொல்கிறான்: 'இடையிருள் யாமத்து எரியகம் புக்கதும்'. நீராட்டுக்கும் நடுச்சாமத்துக்கும் இடைப்பட்ட நேரம் முழுக்க உங்களுடையது. பட்டிமாடு பார்த்து, மண்முட்டியில் தயிருக்கு உறைவிட்டுப் பழகிய கைக்கு அது வாய்க்கும்: காலையில் பானையை மெல்லச் சரித்ததை நினைக்கிறாள், பால் கட்டியாக அசையாமல் தண்ணீராய் ஓடி விளிம்புக்கு வருகிறது.

எழுதமுன் ஒரு தாளில் மணிவாரியாகக் குறியுங்கள்: எப்போது, யாருக்கு, என்ன தெரியும்? அதிகம் பிழைப்பது இதில்தான். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம், பாண்டியன் தேவியின் சிலம்பில் முத்து என்பது அரசவையில் வெளியானது. மாதரி அங்கே இல்லை. அவளுக்குச் சொன்ன ஆளைக் காட்டாமல் அவளைப் பேசவிட்டால் சிலப்பதிகாரம் படித்தவர் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுவார். மாதரி வன்னிப் பேச்சுப் பேசலாமா? பேசலாம், முதற்பக்கம் தொடங்கிக் கடைசிவரை பேசினால்.

மூலம் யாருக்கும் சொந்தமில்லை. 1942இல் காலமான உ.வே.சா.வின் பதிப்புக்கும் இலங்கைச் சட்டம் இறப்புக்குப் பின் தரும் 70 ஆண்டுப் பதிப்புரிமை கழிந்துவிட்டது. அண்மைக்கால உரைகளிலிருந்து வசனம் எடுக்கவேண்டாம்.

அச்சுக்கு வருவோம். 16 பக்கம் ஒரு போமா. பக்கத்துக்கு ஏறத்தாழ 200 சொல் என்றால் 20,000 சொல்லுக்கு 100 பக்கம். முன்பக்கங்கள் 12 சேர 112, சரியாக ஏழு போமா. 115 வந்தால் மூன்று பக்கத்தை வெட்டுங்கள், இல்லாவிட்டால் 128க்கான செலவு உங்கள் தலையில்.

யூனிகோட்டில் தட்டிக்கொடுப்பீர்கள்; பக்கம் கோக்கும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருள் வைத்திருக்கும் அச்சகம் அதைப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும். பாமினியில் காற்புள்ளி விசை 'இ' எழுத்துக்கு உரியது. மாற்றம் பிசகினால் 'பால், தயிர், மோர்' என்பது 'பால்இ தயிர்இ மோர்' என்று வரும். ஆங்கிலச் சொல் இருந்தால் அது தமிழ் எழுத்துக் குப்பையாகும். ஆகவே மாற்றியபின் எடுத்த படியைத்தான் மெய்ப்புப் பாருங்கள், தாளில், வாய்விட்டு.

நூலுக்கான சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் கிடைக்கும். அட்டை முடியமுன் எடுங்கள். பின்னட்டையில் பட்டைக்குறி வரவேண்டும்.

300 பிரதி போதும், பெரும்பாலானவை வெளியீட்டன்றே போகும். காலபோக அறுவடை முடியட்டும். மாரியில் வைத்தால் கதிரைகள்தான் வந்திருக்கும்.