காற்றாலையில் பணம் போடுமுன்: அரசியலைக் கணிப்பதில் நடக்கும் தவறுகள்

பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலை போட வருபவர்கள் காற்றைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள். அரசு உத்தரவுகளைப் பற்றி அதில் பாதிகூடக் கேட்பதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றாவது பருவம் பார்த்து வரும்.

ஆட்சி மாறினால்தான் ஆபத்து என்று நினைப்பதுதான் பெரிய தவறு. காற்றாலை வைத்தால் முதல் ஆண்டிலேயே அதன் மதிப்பில் 80 சதவீதம் வரை தேய்மானம் (பயன்பாட்டால் குறையும் மதிப்பு) காட்டி வருமான வரியைக் குறைக்கலாம் என்றொரு சலுகை இருந்தது. நூற்பாலைக்காரர்கள் பலர் நம்மூர்ப் பொட்டல்காட்டைத் தேடி வந்ததே அதற்காகத்தான். 2012 ஏப்ரலில் அதை எடுத்துவிட்டார்கள். டெல்லியில் அதே ஆட்சிதான். முந்தைய ஆண்டு 3,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்த நாட்டின் புதிய காற்றாலைத் திறன், அடுத்த ஆண்டே 1,700 பக்கம் இறங்கியது. 2014இல் வந்த அரசு சலுகையைத் திருப்பிக் கொடுத்தது. 2017இல் அதே அரசுதான் அதை 40 சதவீதமாக்கியது.

அடுத்து, பக்கத்துக் காட்டுக்காரர் சம்பாதித்ததைப் பார்த்துக் கணக்குப் போடுவது. ஆடியில் சுற்றும் காத்தாடியின் கரண்டை மின்வாரியத்திடம் கணக்கில் வைத்து, காற்றில்லாத தை மாசியில் ஆலைக்கு எடுத்துக்கொள்வதற்குப் பேர் பேங்கிங். 2018இல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவு, அந்த ஏப்ரல் முதல் வரும் காற்றாலைகளுக்கு ஆண்டு முழுவதற்குமான இந்த வசதியை எடுத்தது, பழையவற்றுக்கு விட்டுவைத்தது. ஒரே பொட்டல், ஒரே காற்று, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு காத்தாடிக்கு இரண்டு சட்டம்!

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, இனி என்ன பயம் என்பவர்களும் உண்டு. 2019இல் ஆந்திராவில் வந்த புதிய அரசு, ஏற்கெனவே கையெழுத்தான காற்றாலை, சோலார் விலைகளைக் குறைக்கப் பார்த்தது. பழைய விலையே செல்லும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2022 மார்ச் ஆனது. தீர்ப்பு வரும்வரை வங்கி வட்டி காத்திருக்குமா?

தூரத்து அரசியல் நமக்கெதற்கு என்றால், கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பாருங்கள். (அணு மின்சாரம் பசுமையா என்ற சண்டை வேறு.) 1988இல் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பசேவும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள்; 1991இல் சோவியத் நாடே இல்லாமல் போனது. கட்டுமானம் தொடங்கியது 2002இல். 2011இல் இடிந்தகரைப் போராட்டம். முதல் அலகின் மின்சாரம் கிரிட்டுக்கு (மின் கட்டமைப்புக்கு) வந்தது 2013 அக்டோபரில்.

அதற்காக அரசியல் என்றாலே நஷ்டம் என்பதும் தப்புக் கணக்கு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டு சோலார் பேனலுக்கு 40 சதவீதமும் செல்லுக்கு 25 சதவீதமும் சுங்கவரி போட்டார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் சோலார் செல் ஆலை எழுந்ததில் அந்த வரிக்கும் பங்கு உண்டு. ஆனால் வரியால் வரும் லாபம் வரி இருக்கும்வரைதான். எனவே வங்கிக்குத் திட்ட அறிக்கை கொடுக்குமுன் சலுகையே இல்லாமலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் தவணை கட்ட வழியில்லை என்றால், கொஞ்சம் சின்னதாகத் தொடங்கலாம்.