உங்கள் முதல் கேமில் 'ஈசி' பட்டன் மட்டும் போதாது

ஈசி, நார்மல், ஹார்ட் என்று மூன்று பட்டன் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தேன். என் தாவல் கேமில் ஈசி என்றால் எதிரிகளின் உயிர் பாதி, அவ்வளவுதான். விளையாடிப் பார்த்த நண்பரோ எதிரி இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரவில்லை. முதல் பள்ளத்திலேயே விழுந்துகொண்டிருந்தார்.

ஒவ்வொருவருக்கும் கஷ்டம் ஒவ்வோர் இடத்தில். 2018-இல் வந்த செலஸ்ட் கேமின் அசிஸ்ட் மோடைத் (கஷ்டத்தைக் குறைத்துக்கொள்ளும் பகுதி) திறந்து பாருங்கள். வேகம், ஸ்டாமினா (சுவரைப் பிடித்து ஏறும் தெம்பு), அடிபடாமல் இருப்பது எல்லாம் தனித்தனியாக இருக்கும். நாமும் அப்படியே பிரிப்போம். கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோ என்ஜினில் நான் செய்கிறேன்.

படி 1: வேகம். ஆப்ஷன்ஸில் 0.5 முதல் 1 வரை ஒரு ஸ்லைடர் வையுங்கள். அதன் மதிப்பை என்ஜினின் டைம் ஸ்கேலுக்கு (கேமில் நேரம் ஓடும் வேகம்) கொடுத்தால் போதும், ஒரே வரிதான். பின்னணி இசையின் வேகம் இதனால் மாறாது. தாளத்துக்குத் தாவும் கேம் என்றால் அதைத் தனியாகக் குறைக்க வேண்டும்.

படி 2: விளிம்பில் கொஞ்சம் கருணை. இதற்கு 'கயோட்டி டைம்' என்று பெயர். கால் தரையை விட்ட பிறகும் ஒரு கணம் தாவ விடுவது. தரையில் நிற்கும்வரை ஒரு மாறியில் (variable) 0.1 விநாடி என்று போட்டுக்கொண்டே இருங்கள். தரையை விட்டதும் ஒவ்வொரு ஃபிரேமிலும் டெல்டாவை, அதாவது முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரத்தை, கழியுங்கள். தாவு பட்டனை அழுத்தும்போது 'தரையில் இருக்கிறாரா' என்று பார்க்காமல், மாறி பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். தாவியதும் அதை உடனே பூஜ்யமாக்குங்கள். நான் மறந்துவிட்டேன், பட்டனைப் படபடவென்று தட்டினால் காற்றிலேயே இன்னொரு தாவல்!

படி 3: நிறம். பள்ளத்தைத் தாண்டிய நண்பர் அடுத்து, "இதில் எது சிவப்புச் சாவி?" என்றார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். ஒரு சாவியின் தலையை வட்டமாகவும் இன்னொன்றைச் சதுரமாகவும் வரைந்தேன், கதவுகளிலும் அதே வடிவம். பத்து நிமிட வேலை.

படி 4: பட்டன்கள். எந்தச் செயலுக்கு எந்தப் பட்டன் என்று மாற்ற விடுங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டிய இடங்களில் ஒரு தட்டில் தொடங்கி மறு தட்டில் நிற்கும்படியும் ஒரு வழி கொடுங்கள்.

அப்புறம், இதற்கெல்லாம் 'குழந்தை மோட்' என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்யாதீர்கள். இந்த ஆப்ஷன்களை முதல் திரையில் மட்டும் வைத்தால் போதாது, கேமை நடுவில் நிறுத்தும்போது வரும் பாஸ் (pause) மெனுவிலும் வையுங்கள். பத்தாவது தடவை விழும்போதுதான் ஆள் அதைத் தேடுவார்.