1/72 அளவில் ஹியூயி ஹெலிகாப்டர் டயோரமா: புதியவர்களுக்கான செய்முறை

ஹெலிகாப்டர் டயோரமா (ஒரு காட்சியின் சிறிய அளவு மாதிரி) செய்கிறவர்கள் பெரும்பாலும் உழைப்பு முழுவதையும் ஹெலிகாப்டரிலேயே கொட்டிவிடுகிறார்கள். பெயின்ட் அழகாக வந்திருக்கும், டிகால் (ஒட்டும் சின்னப்படம்) சுருக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஆனால் மேலே சுற்றும் ரோட்டருக்குக் கீழே புல் நெட்டுக்குத்தாக நிற்கும், வீரர்கள் விறைப்பாக நிமிர்ந்து நிற்பார்கள். இயந்திரம் ஓடவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். எனவே இந்தச் செய்முறை முழுவதும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் போகப்போகிறது: ரோட்டரிலிருந்து இறங்கும் காற்று. அதைப் புல்லிலும் புழுதியிலும் ஆட்களின் உடம்பிலும் காட்டிவிட்டால், முதல் மாடலிலேயே உயிரோட்டம் வந்துவிடும்.

எந்தக் காட்சி?

கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய மாடல் பாகங்களின் பெட்டி) வாங்குவதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். பொதுவாக "ஒரு போர்க்களம்" என்று ஆரம்பித்தால் எதை வைப்பது, எதை விடுவது என்றே தெரியாது. ஓர் இடம், ஒரு நாள், முடிந்தால் ஒரு மணி நேரம் என்று குறுக்கிக்கொள்ளுங்கள்.

நாம் எடுத்துக்கொள்ளப்போவது வியட்நாம் போரில் 1965 நவம்பர் 14, காலை 10:48. இடம், வியட்நாமின் மத்திய மேட்டுநிலத்தில் சூ போங் மலையடிவாரத்தில் உள்ள இயா டிராங் பள்ளத்தாக்கு. அமெரிக்காவின் 1வது கேவல்ரி டிவிஷனைச் சேர்ந்த லெப்டினன்ட் கர்னல் ஹால் மூர், தன் பட்டாலியனோடு 'எக்ஸ்-ரே' என்று பெயர் வைத்த ஒரு வெட்டவெளியில் வந்து இறங்கிய நேரம் அது. கைவசம் இருந்தவை 16 ஹியூயிகள்தான் (யூஹெச்-1 வகை ராணுவ ஹெலிகாப்டர்கள்). அதனால் படை ஒரேயடியாக வந்துவிடவில்லை, நடை நடையாக வந்து சேர்ந்தது. சண்டை மூண்டது நண்பகலுக்குப் பிறகு. அப்போது மேஜர் புரூஸ் கிராண்டலும் கேப்டன் எட் ஃப்ரீமனும் சுடும் குண்டுகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப வந்து இறங்கி, தோட்டாக்களைக் கொடுத்துவிட்டுக் காயம்பட்டவர்களை ஏற்றிப் போனார்கள். அதற்காக அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் ஃப்ரீமனுக்கு 2001இலும் கிராண்டலுக்கு 2007இலும்தான் வந்து சேர்ந்தது.

நான் பிற்பகலை விட்டுவிட்டு அந்தக் காலை நேரத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அடுத்த சில நாட்களில் அந்தப் பள்ளத்தாக்கில் இரு தரப்பிலும் ஏராளமானோர் இறந்தார்கள். சாவைப் பொம்மை அளவில் செய்து மேசையில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. முதல் தரையிறக்கத்தில் வேகம் இருக்கிறது, பதற்றம் இருக்கிறது, ஒரு காட்சிக்கு அது தாராளம்.

அளவுக் கணக்கு

1/72 என்றால் மாடலில் 1 செ.மீ., நிஜத்தில் 72 செ.மீ. 175 செ.மீ. உயரமுள்ள ஆள் 2.4 செ.மீ. வருவார். ஹியூயியின் பெரிய ரோட்டர் நிஜத்தில் 14.63 மீட்டர் விட்டம், மாடலில் 20.3 செ.மீ. அந்த வெட்டவெளி ஏறத்தாழ ஒரு கால்பந்து மைதான அளவு. அதை முழுதாகச் செய்தால் நீளம் மட்டும் 1.4 மீட்டர் போய்விடும். நமக்கு வேண்டியது அதன் ஒரு மூலை மட்டும்.

30 × 30 செ.மீ. பலகை போதும். பிளைவுட் அல்லது எம்.டி.எஃப். இரண்டுமே சரி. ரோட்டர் வட்டத்துக்கு வெளியே எல்லாப் பக்கமும் சுமார் 5 செ.மீ. மிஞ்சும். காற்று புல்லை அடித்துச் சாய்க்கிற இடம் அதுதான் என்பதால், பலகையை இதைவிடச் சிறிதாக்காதீர்கள். ஹெலிகாப்டரைப் பலகையின் ஓரத்துக்கு இணையாக வைக்காமல் மூலைவிட்டமாகத் திருப்பி வையுங்கள்.

ஹெலிகாப்டர்

இத்தாலேரி, ஹாசேகாவா ஆகிய இரண்டு நிறுவனங்களிலும் 1/72 ஹியூயி கிட் உண்டு. 1965க்கு வேண்டியது ஹியூயியின் 'டி' மாடலான யூஹெச்-1டி. கையில் கிடைப்பது யூஹெச்-1ஹெச் என்றால் ஒரு திருத்தம் செய்தாக வேண்டும். காற்றின் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய் 'ஹெச்' மாடலில் பெரும்பாலும் கூரைமேல் இருக்கும், 'டி'யில் மூக்கில் இருக்கும். கூரையில் உள்ளதை வெட்டிவிட்டு மெல்லிய கம்பித் துண்டை மூக்கில் செருகுங்கள்.

மற்றபடி கிட்டோடு வரும் தாளைப் பார்த்து ஒட்டிக்கொண்டே போகலாம். கதவுகளைப் பின்னுக்குத் தள்ளித் திறந்தபடி ஒட்டுங்கள், அல்லது ஒட்டாமலே விட்டுவிடுங்கள். திறந்த கதவு வழியாக உள்ளே எல்லாம் தெரியும் என்பதால், உட்புறத்துக்குச் சாம்பல் நிறம் அடித்து முடித்த பிறகே உடலின் இரு பாதிகளையும் மூட வேண்டும். விமானிகள் இருவரையும் அதற்கு முன்பே உட்கார வைத்துவிடுங்கள். விமானிகளின் தலைக்கு மேலே உள்ள இரண்டு கண்ணாடிகளும் பச்சைச் சாயல் கொண்டவை. கிளியர் கிரீன் (ஒளி புகும் பச்சை) பெயின்டை உள்பக்கமாக ஒரு பூச்சு பூசினால் போதும்.

வெளி நிறம் ஆலிவ் டிராப் (பழுப்பு கலந்த ராணுவப் பச்சை). டமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-62 பெயின்ட் எடுத்துக்கொண்டால் அதை அப்படியே அடிக்காதீர்கள். இவ்வளவு சின்ன அளவில் அது கறுத்துத் தெரியும். பத்துக்கு ஒரு பங்கு வெளிர்மஞ்சளோ பஃப் (மங்கிய வெளிர்பழுப்பு) நிறமோ கலந்தால், சற்றுத் தூரத்திலிருந்து பார்க்கிற உணர்வு வரும். காய்ந்ததும் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ், டிகால், மறுபடி பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். எஞ்சின் புகை வால் தொடங்கும் இடத்தில் படியும். அங்கே மட்டும் கறுப்புச் சாக்பீஸ் தூளைப் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

ரோட்டரில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நின்றுபோன ஹியூயியின் இரண்டு இறக்கைகளும் தங்கள் எடையால் நுனியில் கீழே தொங்கும். சுற்றும்போது விறைத்துக்கொள்ளும், பாரத்தைத் தூக்கும்போது நுனி லேசாக மேலேகூட எழும்பும். உங்கள் கிட்டில் இறக்கை தொங்கியிருந்தால் வெந்நீரில் காட்டி நிமிர்த்திவிடுங்கள். சிலர் சுழற்சியைக் காட்ட ஓ.ஹெச்.பி. ஷீட்டை (ஒளி புகும் பிளாஸ்டிக் தாளை) வட்டமாக வெட்டி மாட்டுவார்கள். அது வெளிச்சத்தில் பளபளத்து, கீழே உள்ள ஆட்களை மறைத்துவிடும். நான் வெறும் இறக்கைகளையே வைப்பேன். சுற்றுகிறது என்ற செய்தியைப் புல் சொல்லிக்கொள்ளும்.

தரை

பலகைமேல் 1 செ.மீ. தெர்மாகோல் ஒட்டி, கட்டரால் லேசாக மேடுபள்ளம் செதுக்குங்கள். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு மெல்லிய பூச்சு. அது முழுதாகக் காய்வதற்குள் ஸ்கிட் எனப்படும் இரண்டு சறுக்குக்கால்களையும் அழுத்தித் தடம் பதித்துக்கொள்ளுங்கள். மண்ணின்மேல் அப்படியே எடுத்து வைத்ததுபோல் தெரிந்தால் இயந்திரத்துக்கு எடையே இல்லாமல் போய்விடும்.

மத்திய மேட்டுநிலம் செம்மண் பூமி. இதற்காகக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். செம்மண்ணை வாணலியில் வறுத்து ஈரம் போக்கி, மெல்லிய துணியில் சலித்து எடுத்தால், 1/72க்கு அதைவிட நல்ல மண் கிடைக்காது. ஃபெவிக்காலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுத் தரையில் பூசி, மண்ணைத் தூவிவிடுங்கள்.

அப்புறம் கரையான் புற்று. அந்த வெட்டவெளியில் ஆள் உயரப் புற்றுகள் ஆங்காங்கே நின்றன. ஹால் மூர் தன் கட்டளையிடத்தை அமைத்துக்கொண்டதே அப்படி ஒரு பெரிய புற்றின் பக்கத்தில்தான். ஈரக் களிமண்ணையோ எபாக்ஸி புட்டியையோ 3 செ.மீ. உயரத்துக்குக் கூம்பாகப் பிடித்து, ஊசியால் கீறி, அதே செம்மண்ணைத் தூவினால் புற்று தயார். ஒன்றோ இரண்டோ போதும். ரோட்டர் வட்டத்துக்கு வெளியே, ஒரு மூலையில் வையுங்கள்.

காற்று

இனிதான் அசல் வேலை. ரோட்டர் காற்றை நேராகக் கீழே தள்ளுகிறது. அது தரையில் மோதி, எல்லாத் திசைகளிலும் வெளிப்பக்கமாகப் படர்ந்து ஓடுகிறது. இயந்திரத்தின் வயிற்றுக்கு நேர் கீழே காற்று அவ்வளவு கடுமை இல்லை. ரோட்டர் நுனிக்குக் கீழும் அதைத் தாண்டியும்தான் அடி பலமாக விழுகிறது. ஆகவே புல்லை ஒரே பக்கமாகச் சாய்த்தால் தப்பு, அது வெறும் ஊதற்காற்று. ரோட்டர் மையத்திலிருந்து வெளிநோக்கி, சுற்றிலும் சாய வேண்டும்.

இதைக் கண்ணளவில் செய்ய வேண்டாம். ரோட்டர் தண்டு எங்கே வருமோ அந்தப் புள்ளியில் ஒரு குண்டூசி குத்துங்கள். அதில் நூல் கட்டி 10 செ.மீ.யில் ஒரு வட்டம் போடுங்கள், ரோட்டரின் எல்லை அது. புல் ஒட்டும்போதெல்லாம் நூலை அந்த இடத்துக்கு இழுத்துப் பிடித்தால், எந்தத் திசையில் சாய்ப்பது என்பதை நூலே காட்டிவிடும்.

புல்லுக்குச் சணல் கயிறு. புரி பிரித்து, தண்ணீர் கலந்த அக்ரிலிக்கில் முக்கிக் காயவையுங்கள். நவம்பர் மாதம் என்பதால் பச்சையைவிட வைக்கோல் பழுப்பு அதிகம் இருக்கட்டும். அங்கே புல் இடுப்பளவு இருந்தது, அதாவது மாடலில் 1.4 செ.மீ. சில கொத்துகளை 2 செ.மீ. வரை விடலாம். எல்லாம் ஒரே உயரம் என்றால் வெட்டி வைத்த புல்தரையாகிவிடும்.

ஒவ்வொரு கொத்தும் பத்துப் பதினைந்து இழை. அடியை ஃபெவிக்காலில் தொட்டு, ஊசியால் போட்ட துளையில் நட்டு, பசை பாதி காய்ந்ததும் விரலால் வெளிப்பக்கம் வளையுங்கள். வட்டத்தின் எல்லையிலும் அதற்கு வெளியே 2 செ.மீ. வரையும் ஏறக்குறையத் தரையோடு படுக்க வேண்டும். அதைத் தாண்டத் தாண்டச் சாய்வு குறையட்டும். பலகையின் மூலைகளில் லேசாகத் தலை குனிந்திருந்தால் போதும். வயிற்றுக்குக் கீழே கலைந்த மாதிரி, திசையில்லாமல் விடுங்கள். படுக்க வைத்த புல் மறுபடி எழும்பாமலிருக்கத் தண்ணீர் கலந்த ஃபெவிக்காலை ஸ்பிரே செய்து, ஹேர் டிரையரை மையத்தில் பிடித்து வெளிநோக்கி ஊதிக் காயவையுங்கள்.

புற்றின் பின்னால் உள்ள புல்லை மறந்துவிடாதீர்கள். புற்று காற்றை மறிக்கிறது, அதன் மறைவில் ஒரு சிறு கொத்து நேராக நிற்கலாம். பார்க்கிறவருக்குக் காரணம் புரியாது, ஆனால் கண் நம்பிவிடும்.

புழுதிக்குப் பஞ்சு வைக்கிற பழக்கம் இருக்கிறது. இந்த அளவில் பஞ்சு பஞ்சாகத்தான் தெரியும். அதற்குப் பதில் செந்நிறச் சாக்பீஸ் தூளை வட்டத்துக்கு வெளியே உள்ள புல்லின் மையம் பார்த்த பக்கத்திலும், ஸ்கிட்டிலும், ஹெலிகாப்டரின் வயிற்றிலும் தட்டிவிடுங்கள்.

ஆட்கள்

1/72 வீரர்கள் பெரும்பாலும் வளையும் மென்பிளாஸ்டிக்கில் வருகிறார்கள். வியட்நாம் காலத்து அமெரிக்க வீரர்கள் என்று தேடி வாங்குங்கள், இரண்டாம் உலகப்போர் செட்டில் துப்பாக்கியே வேறு. பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவினால்தான் பெயின்ட் பிடிக்கும். அச்சுக் கோடுகளை உப்புத்தாளில் தேய்த்தால் நார் நாராக எழும்பும், புது பிளேடால் சீவி எடுங்கள்.

ஆறு பேர் போதும். இருவர் கதவு விளிம்பில், ஒருவர் குதிக்கிற நிலையில், மூவர் தரையில். இவர்கள் தவிர, இரு பக்கமும் எம்-60 இயந்திரத் துப்பாக்கி பிடித்த சிப்பந்திகள் இருவர் உண்டு. தரையில் உள்ளவர்கள் முன்பக்கவாட்டில், விமானியின் பார்வையில் படும்படி ஓட வேண்டும். வால் பக்கம் யாரையும் வைக்காதீர்கள். சுற்றும் வால் ரோட்டர் ஆளைக் கொன்றுவிடும் என்பது ஏறும்போதே எல்லோருக்கும் சொல்லப்படுகிற பாடம்.

செட்டில் உள்ளவர்கள் நிமிர்ந்து ஓடுவார்கள். அவர்களை வெந்நீரில் அரை நிமிடம் முக்கி, இடுப்பில் முன்னுக்கு வளைத்து, அப்படியே பச்சைத் தண்ணீரில் விட்டால் அந்த நிலை நின்றுவிடும். ஒருவர் கை ஹெல்மெட்டைப் பிடித்திருக்கட்டும். காலடியில் உள்ள தட்டை வெட்டிவிட்டு, பாதத்தில் குண்டூசித் துண்டு செருகித் தரையில் நடுங்கள்.

பிரைமர் (பெயின்ட் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) அடித்த பிறகு உடுப்புக்கு ஆலிவ் பச்சை. ஹெலிகாப்டரின் பச்சையைவிட ஒரு படி வெளிறி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதவருகே இருப்பவர்கள் காணாமல் போவார்கள். ஹெல்மெட் துணியில் பழுப்பும் வெளிர்பச்சையும் புள்ளி புள்ளியாக. எம்-16 துப்பாக்கி முழுக்கக் கறுப்பு. இடது தோளில் 1வது கேவல்ரியின் மஞ்சள் சின்னம். கறுப்புக் கோடும் குதிரைத் தலையும் இந்த அளவில் வரையவே முடியாது, ஒரு மஞ்சள் புள்ளியும் அதன் குறுக்கே மயிரிழைக் கறுப்பும் போதும். கடைசியாகப் பழுப்பு வாஷ் (இடுக்குகளில் தங்கும் நீர்த்த பெயின்ட்) ஒன்று, காய்ந்ததும் வெளிர்நிற டிரைபிரஷ் (பெயின்ட் பெரும்பாலும் துடைத்த பிரஷ்ஷால் மேடுகளை மட்டும் தேய்ப்பது).

தரையில் உள்ள மூவரில் ஒருவரை ரேடியோக்காரர் ஆக்கிவிடுங்கள். முதுகில் பி.ஆர்.சி.-25 பெட்டி, அதிலிருந்து ஓர் ஆன்டெனா. ஸ்ப்ரூ (கிட்டின் பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டை மெழுகுவர்த்தி மேல் காட்டி, இளகியதும் இழுத்தால் மயிரிழை போல் நீளும். 1.3 செ.மீ. வெட்டி ஒட்டி, நுனியை வெளிப்பக்கம் வளையுங்கள், அந்த இடத்துப் புல் சாய்கிற அதே திசையில். இந்த ஒரு இழை செய்கிற வேலையைப் பத்து ஆட்கள் செய்ய முடியாது.

பொருத்துதல்

முதலில் ஹெலிகாப்டரைத் தடத்தில் உட்கார வைத்து ஒட்டி, ஸ்கிட்டின் ஓரங்களில் மண்ணும் இரண்டு மூன்று நசுங்கிய புல் இழைகளும் சேருங்கள். அடுத்து ஆட்கள், கதவில் இருப்பவர்களிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள். ஒவ்வொருவரையும் நட்ட பிறகு, பலகையைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மேலிருந்து சரியாகத் தெரிகிற ஆள் படத்தில் இன்னொருவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். பசை இறுகுவதற்குள் நகர்த்திவிடலாம்.

ரோட்டரை மட்டும் ஒட்டாதீர்கள். தண்டில் சும்மா செருகி வைத்தால், மூடியுள்ள பெட்டியில் வைக்கும்போதும் வேறு இடத்துக்கு எடுத்துப் போகும்போதும் கழற்றிக்கொள்ளலாம்.