மலையில் பந்தயம் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடி முடித்து டீ குடிக்கும்போது, ஜவ்வாது மலையில் 50 கிலோமீட்டர் பந்தயம் நடத்தக் கிளம்பியிருக்கும் சில இளைஞர்கள் தங்கள் திட்டத்தைக் காட்டினார்கள். மெடல், டீ-ஷர்ட், டிரோன் எல்லாம் இருந்தது. எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எழுதிவைக்க ஒரு நோட்டு இல்லை. முதல் முறை நான் போட்ட திட்டமும் அச்சு அசல் இதேதான்.

வனத்துறை அனுமதி, ஆம்புலன்ஸ் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆள் கணக்கு

நான் நடத்திய அந்த முதல் பந்தயத்தில் 64 பேர் ஓடினார்கள். சாயங்காலம் ஆறரைக்கு 63 பேர் வந்துவிட்டார்கள். 41ஆம் நம்பரைக் காணோம். கடைசித் தண்ணீர் மேசையில் இருந்த பையன், "போயிட்டார்னு நினைக்கிறேன்" என்றான். அதற்கு முந்தைய மேசையை நாங்கள் நாலு மணிக்கே கலைத்துவிட்டோம். போன் சுவிட்ச் ஆஃப். மலைக்கிராமத்திலிருந்து பதினாறு பேர் டார்ச்சும் கழியுமாகக் காட்டுக்குள் இறங்கினார்கள். ஒருவர் ஈரப்பாறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ராத்திரி பதினொன்றரைக்கு 41 போனை எடுத்தார். முட்டி வலியாம், வழியில் வந்த பைக்கில் ஏறி, பஸ் பிடித்து, அம்பத்தூர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. விலகினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லை. அடுத்த வருஷம் அனுமதி கேட்கப் போனபோது ஊர்ப் பெரியவர், "உங்க ஆளு எத்தனைன்னே உங்களுக்குத் தெரியலையே தம்பி" என்றார். அந்த வழி மறுபடி கிடைக்க மூன்று வருஷம் ஆனது. இப்போதும் யாராவது ஓடுபவர் நேரத்தைப் பதியும் மின்னணுச் சில்லை நம்பி, "சிப் இருக்கு சார், அதுவே எண்ணிக்கும்" என்றால் எரிச்சல் வருகிறது. சிக்னல் இல்லாத பள்ளத்தில் சிப் யாருக்குச் சொல்லும்?

ஒவ்வொரு மேசையிலும் நோட்டு வையுங்கள்: நம்பர், வந்த நேரம். சிக்னல் இல்லையென்றால் வாக்கி-டாக்கி. விலகுபவர் மார்பில் குத்திய எண்ணைக் கழற்றி மேசையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் இருவர் நடந்து வரட்டும். அவர்கள் தாண்டும்வரை எந்த மேசையையும் கலைக்காதீர்கள். இருவரில் ஒருவர் உள்ளூர்க்காரர், கூலி கொடுத்து.

தேதி

சென்னையின் லீவு நாளைப் பார்த்துக் குறிக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்புறம் புல் காய்ந்து காட்டுத்தீ காலம் வந்துவிடும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ பலிகொண்ட மலையேறிகளில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது ஜனவரியும் அதை ஒட்டிய சில வாரங்களும்தான்.

குளிர்

2021 மே மாதம் சீனாவின் கான்சுவில் நடந்த 100 கிலோமீட்டர் பந்தயத்தில் ஆலங்கட்டி மழையிலும் காற்றிலும் சிக்கி 21 பேர் இறந்தார்கள். காற்றைத் தடுக்கும் சட்டை அங்கே கட்டாயமாக இல்லை. உங்கள் பந்தயத்தில் கட்டாயமாக்குங்கள். பையைத் திறந்து பார்த்த பிறகே ஓட விடுங்கள்.

வழிகாட்டும் நாடா

எண்ணிக் கட்டுங்கள், எண்ணி அவிழ்த்து எடுத்து வாருங்கள்.

எத்தனை பேர்

ஊர்க் கிணறு எத்தனை பேருக்குத் தாங்கும் என்று அங்கே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.