ஏழடி அகலம்கூட இல்லாத படகுக்கு ஓர் அடுப்பு

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய் ஒன்றில், நேரோபோட் எனப்படும் குறுகலான வீட்டுப்படகில் குடியேறிய முதல் நவம்பரிலேயே குளிர் எலும்பைத் தொட்டது. எல்லாரும் சொன்ன மோர்ஸோ ஸ்குவிரல் என்ற அடுப்பின் விலை என் கைக்கு எட்டவில்லை. மலிவாகக் கிடைத்ததே என்று 8 கிலோவாட் வெப்பம் தரும் பழைய அடுப்பு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். சுத்தப் பைத்தியக்காரத்தனம்! படகின் மொத்த அகலமே 6 அடி 10 அங்குலம். அரை மணியில் உள்ளே ஆளே வெந்துவிடுவோம். காற்றைக் குறைத்தாலோ கண்ணாடி முழுக்கத் தார். போதாததற்கு அது விறகு அடுப்பு, அடியில் கம்பித்தட்டே கிடையாது. புகையில்லாக் கரிக்குக் கீழிருந்து காற்று வந்தாக வேண்டும். விடிவதற்குள் அணைந்துவிடும்.

அதைத் தள்ளிவிட்டு, கரியும் எரிக்கக்கூடிய 4 கிலோவாட் வார்ப்பிரும்பு அடுப்பைத் தேடினேன். இதுவும் பழசுதான், ஆனால் இந்தமுறை டார்ச் அடித்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. காற்றுப் புகாமல் இருக்கக் கதவைச் சுற்றி ஒட்டியிருந்த தீ தாங்கும் கயிறு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்லியே பேரம் பேசினேன். பழைய கயிற்றைச் சுரண்டிப் புதிதாக ஒட்ட ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. புகைபோக்கி சேருமிடத்தில் தீ தாங்கும் சிமென்ட் பூசினேன்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் மட்டும் புதிதாக வாங்கியது. 2019 முதல் படகுப் பாதுகாப்புச் சோதனையில் அது கட்டாயம்.

இப்போது காலையில் சாம்பலைக் கிளறினால் அடியில் சிவப்பாகக் கங்கு தெரிகிறது.