கார் டிசைனில் உங்கள் ரசனை எங்கே நிற்கிறது? வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்

பத்து வயதில் எந்தக் கார் தெருவில் போனால் திரும்பிப் பார்த்தீர்களோ, அதிலிருந்து தொடங்குங்கள். அம்பாசடரின் உருண்டையான முகப்பில் மயங்கியவர்களுக்கு 1983 இறுதியில் வந்த மாருதி 800 வெறும் டப்பாவாகத் தெரிந்திருக்கலாம், ஆனால் அதிலேயே ஓட்டக் கற்றவர்களுக்கு அந்த நேர்கோடுகள்தான் அழகு. 1991-இல் வந்த டாடா சியராவின் பின்பக்கப் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடி, கூரைவரை வளைந்து ஏறுமே, அது இன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை.

சரி, இப்போது ஒவ்வொரு வயதிலும் பிடித்த காரின் பக்கவாட்டுப் படத்தை எடுத்து, முன்விளக்கு, கிரில், லோகோ எல்லாவற்றையும் விரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். சக்கரத்தின் அளவு, கண்ணாடிக்கும் தகட்டுக்கும் உள்ள விகிதம், கூரையின் கோடு, இவை மட்டும் மிஞ்சும். அப்போதும் பிடித்தால் அது உங்கள் ரசனை. அகலம் முழுக்க ஓடும் எல்இடி பட்டை, பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக் போன்றவற்றால் மட்டுமே பிடித்தது என்றால் அது இந்தக் காலத்தின் மோகம், சீக்கிரமே பழசாகத் தெரியும்.

அப்புறம் உள்ளே உட்காருங்கள். இருபத்தைந்தில் தாழ்வான இருக்கை கம்பீரம், ஐம்பதில் முழங்கால் வேறு சொல்லும். ஜன்னல் குறுகலாக இருந்தால் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தெரிவதும் குறையும், அதனால் ஷோரூமிலேயே தலையைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.